நல்ல தண்ணீர்

2022 அக்டோபர் 11 அன்று தருவைகுளம் கடலில், சந்தியாகுவின் செல்போன் வள்ளத்தின் அடியில் தேங்கிக் கிடந்த கடல்நீரில் விழுந்தது. இறந்துபோன மனைவி மெற்றில்டாவின் குரல் அதில் மட்டும்தான் இருந்தது. “எங்க வாறீய, சோறு ஆறுது” என்பது போன்ற பதினேழு பதிவுகள். அதன்பின் ஒரு சொட்டு ஈரம்கூடப் படாமல் அவர் போனைப் பார்த்துக்கொண்டார். துடைத்து, அரிசிப் பானைக்குள் ஒன்பது நாள் புதைத்து வைத்துவிட்டுத் தூத்துக்குடிக்குக் கொண்டுபோனார்.

ரிப்பேர் கடை இசக்கிராஜ் போனைத் திறந்தார். உள்ளே களிம்பு பச்சையாகப் பூத்திருந்தது.

“பிரியாணிக்கு ஊறப்போட்டியளா அண்ணாச்சி?” என்று ஒட்டியிருந்த அரிசியைக் கிள்ளி எடுத்தவர், சந்தியாகுவின் முகத்தைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினார். “விழுந்த ஒடனே ஆஃப் பண்ணி, நல்ல தண்ணியில அலசிக் கொண்டாந்திருந்தா பொழச்சிருக்கும்.”

“தண்ணியில விழுந்தத மறுபடியும் தண்ணியில போடவா? வெளையாடுதியா தம்பி?”

“தண்ணி இல்ல அண்ணாச்சி, உப்புதான் இருந்து அரிச்சிருக்கு. கரைக்கு வந்ததும் ஒங்க எஞ்சினை என்ன செய்விய?”

முப்பது வருடமாக எஞ்சினை நல்ல தண்ணீரில் கழுவாமல் சந்தியாகு ஒருநாளும் வீட்டுக்குப் போனதில்லை.

இசக்கிராஜ் மருந்து தொட்டு, பிரஷால் தேய்த்து, இரண்டு மணி நேரம் போராடினார். போன் விழிக்கவில்லை.

மறுநாள் கடலிலிருந்து திரும்பியதும் சந்தியாகு வள்ளத்திலிருந்து எஞ்சினைக் கழற்றி, உப்புப் போக அதன் அடிப்பகுதியை டிரம்மில் நிரப்பிய நல்ல தண்ணீரில் இறக்கி, ஸ்டார்ட் கயிற்றை இழுத்தார். முதல் இழுப்பிலேயே அது ஓடியது.