காத்து பூற ஜாக்கெட்

கும்மிடிப்பூண்டி கடையில் அங்காளம்மாள் ஒவ்வொரு ரைடிங் ஜாக்கெட்டாக எடுத்து, டேபிள் ஃபேன் முன்னால் பிடித்து, பின்பக்கம் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள்.

"இந்த வெயில்ல எவன் போடுவான்? வேர்த்து ஊத்தும்மா!" என்றான் மகன் கணேசன். சிப்காட்டில் தான் வேலை செய்யும் அதே கம்பெனியின் கேன்டீனில் வேலை பார்க்கும் அம்மாவை ஷேர் ஆட்டோவில் அனுப்பிவிட்டு, தினமும் தனியாக ஸ்கூட்டரில் பறக்கிறவன்.

"இது வலை மாதிரி கீது, காத்து நல்லா பூந்து வருது. தோள்லயும் முழங்கையிலயும் கெட்டியா பேடு வச்சிகீறான். சிப்காட் லாரிக்கு வெயிலா தெரியும்?"

"சத்தியமா நான் போடமாட்டேன்!"

"உன்னை யாரு போடச் சொன்னா?"

புடவைமேல் ஜாக்கெட்டை மாட்டி ஜிப்பை இழுத்தாள். "போன வாரமே எட்டு போட்டு லைசென்ஸ் வாங்கிட்டேன். சாவியக் குடு. பின்னாடி குந்து."

ஹைவேயில் ஸ்கூட்டர் வரிசையாக லாரிகளைத் தாண்டியது.

"மெதுவாம்மா!" என்று அலறினான் கணேசன்.

"இன்னா நைனா, வேர்க்குதா?"