பாட்டை நிறுத்த ஒரு பட்டன்

“நான் ஆடற கேமோட புது பார்ட்ல சண்டை முழுக்கப் பாட்டு ஓடுமாம் ஷீலா. அதை நிறுத்த ஒரு பட்டன் வைக்கச் சொல்லி கேம் கம்பெனிக்கு எழுது,” என்றான் ஜெரால்டு.

“படம் இன்னும் தத்ரூபமா வேணும்னு எழுதட்டுமாண்ணா?”

“படம் எப்படியோ போகட்டும். எதிராளி கால் வைக்கிற சத்தம் எந்தப் பக்கம்னு தெளிவாக் கேக்கணும். கெஞ்சி எழுது.”

“ஒரு கேமுக்குப் போய் இவ்வளவு கெஞ்சணுமா?”

“நான் நடந்தா விவேக் நகரே வழி விட்டு ஒதுங்குது. கேம் ஆடற கடையில மட்டும்தான் ஒவ்வொருத்தனும் விட்டுக்கொடுக்காம என்னை அடிக்க வர்றான்.”

ஷீலா எழுதி முடித்தாள். அண்ணனின் விரலைப் பிடித்து, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் வைத்தாள்.

போட்டுவிட்டு, சுவரோரம் துழாவித் தன் வெள்ளைக் கம்பை எடுத்தான் ஜெரால்டு.

“தபால்ல போடறதுக்கு முன்னாடி இன்னொரு தடவை வாசி. கெஞ்சினது போதுமா?”