பதினோரு ஓடங்கள்

மூன்றாவது முறையாக எண்ணினாள். பதினொன்றுதான்.

பதினொன்றும் ஓட வடிவம். சங்கிலி ஒன்றுகூட இல்லை.

நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுத்தாள். ஆய்வகத்துக்கு வெளியே, பெஞ்சில், வைத்திலிங்கம் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தார். வாங்கிக் கொடுத்த டீ ஆறி ஆடை கட்டிவிட்டது.

ஒன்பது வருஷமாக அவளுடைய படகுக்காரர். கொள்ளிடக் கரையோரத்து அந்த ஏரியில் அவர் துணையில்லாமல் அவள் ஒரு பாட்டில் தண்ணீர் எடுத்ததில்லை.

தண்ணீருக்குள் இருப்பவற்றை அவருக்கும் காட்டியிருக்கிறாள். கண்ணாடி ஓடு போட்ட பாசிகள், வெறும் கண்ணுக்குத் தெரியாதவை. ஏரி அசையாமல் கிடக்கும் மாதங்களில் எல்லாம் ஓடம் ஓடமாக இருக்கும். ஆறு பெருகி உள்ளே வந்துவிட்டால் சங்கிலி சங்கிலியாக வேறு கூட்டம் வந்துவிடும். நம்ம படகைவிட இது லட்சணமாக இருக்கிறதே என்று அன்றைக்குச் சிரித்தார்.

இப்போது மேஜையில் இருப்பது அவர் மகள் அபிநயாவின் எலும்பு மஜ்ஜை.

மூழ்குகிறவர் உள்ளிழுக்கும் தண்ணீரோடு பாசியும் போகும். எலும்புவரை போய்ச் சேரும். அந்த ஏரிப் பாசியை இந்த ஆய்வகக்காரியைவிட அறிந்தவர் இல்லை என்று போலீஸ் மஜ்ஜையை இங்கே அனுப்பிவிட்டது.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வைத்திலிங்கம் வீட்டில் சண்டை. எங்கேயாவது போய்த் தொலை என்று மகளிடம் சொல்லிவிட்டார். மகள் போய்விட்டாள். புதன் விடியலில் ஆறு ஏரிக்குள் புகுந்தது. வெள்ளிக்கிழமை கோரைப் புதரோரம் உடல் கிடைத்தது.

தோழி வீட்டில் இரவு தங்கிவிட்டு, விடிந்ததும் கரைவழியே திரும்பியிருப்பாள். வெள்ளம் இழுத்திருக்கும். வைத்திலிங்கம் பார்க்கிறவர்களிடமெல்லாம் இதைத்தான் சொன்னார். இதைப் பிடித்துக்கொண்டுதான் உயிரோடு இருந்தார்.

சங்கிலி ஒன்று, ஒன்றே ஒன்று, இருந்திருக்கக் கூடாதா. ஓடம் மட்டும் என்றால் ஆறு வருமுன்பே, செவ்வாய் இரவே, அசையாத ஏரியில்.

போலீசுக்கு உள்ளதை எழுதியாக வேண்டும். இவருக்கு என்ன சொல்வது என்பது மட்டும்தான் அவள் கையில் இருந்தது.

கதவைத் திறந்துகொண்டு வைத்திலிங்கம் வந்தார்.

"நீங்க வாயால சொல்ல வேணாம்மா. நானே பாத்துக்கறேன்."

அவள் எழுந்து அலமாரிப் பக்கம் திரும்பினாள். போன வருஷ வெள்ளத்தில் எடுத்த ஏரித் தண்ணீர் வைத்த கண்ணாடித் தகடு கைக்கு வந்தது. அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டே நுண்ணோக்கியில் மாற்றி வைத்தாள். ஒன்பது வருஷத்தில் எண்ணிக்கையில் ஒன்றைக்கூடக் கூட்டி எழுதாதவள்.

அவர் குனிந்தார். ஒரு கண்ணைக் கையால் பொத்திக்கொண்டார்.

சங்கிலிகள். வட்டம் முழுக்கச் சங்கிலிகள்.

அவருடைய தோள் இறங்கியது. நீளமாக மூச்சு விட்டார். அவளும் விட்டாள்.

கண்ணை எடுக்காமலே கேட்டார்.

"இத்தனையாம்மா? எலும்புக்குள்ளயா?"

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. எலும்புவரை போய்ச் சேருவது விரல்விட்டு எண்ணுகிற அளவுதான்; ஏரித் தண்ணீரில் இருக்கிற இத்தனை கூட்டம் அங்கே எங்கிருந்து வரும். அவசரத்தில் அதை மறந்திருந்தாள்.

அவர் நிமிர்ந்து, தகட்டின் ஓரத்தில் எழுதியிருந்த தேதியைப் பார்த்தார்.

"இது போன வருஷம் நான் மொண்டு குடுத்த தண்ணி." குரலில் கோபமே இல்லை. அது இருந்திருந்தால் அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும். "புள்ளையோடத வைங்கம்மா."

வைத்தாள்.

அவர் மறுபடி குனிந்தார். துடுப்புப் பிடித்துக் காய்த்த விரல்கள் நுண்ணோக்கியின் திருகுக் குமிழைத் தேடிப் பிடித்தன. கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திக்கொண்டே போனார். உதடு அசைந்தது. எண்ணுகிறார் என்று தெரிந்தது.

பதினொன்றில் உதடு நின்றது.

மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினார்.