தூணைக் கடந்த ஒலி

கான்கிரீட்டின் உறுதியைச் சோதிக்கும் கருவியின் இரண்டு முனைகளையும் தூணின் இருபுறமும் வைத்து அழுத்திப் பிடித்தார் தில்லைநாயகம். ஒரு பக்கம் அனுப்பும் ஒலி, நல்ல கான்கிரீட் என்றால் சட்டென்று மறுபக்கம் வந்துவிடும். இங்கே அது எங்கெங்கோ சுற்றிவிட்டுத் தாமதமாக வந்தது. இடத்தை மாற்றிப் பார்த்தார். அப்போதும் அப்படித்தான். தரைத்தளத்துச் சமையலறையில் நிற்கும் அந்தத் தூண்தான் மேலே இருக்கும் வீடுகளையும் தாங்கிக்கொண்டிருந்தது.

“எப்படி சார் இருக்கு?” என்று கேட்டாள், அங்கே குடியிருக்கும் ரெஜினா.

“ரிப்போர்ட் ஆபீசுக்குப் போகும்மா. அவங்க சொல்லுவாங்க.” குடியிருப்பவர்களிடம் வாய் திறக்கக்கூடாது என்பது அவருக்கு இடப்பட்ட உத்தரவு.

“எப்பவும் இதையேதான் சொல்றாங்க. சரி, உக்காருங்க சார். காபி குடிச்சிட்டுப் போலாம்.” தூணை ஒட்டி நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

மறுக்க மனம் வரவில்லை. அங்கே உட்காரவும் முடியவில்லை. டம்ளரை வாங்கியவர் தன்னையறியாமல் வாசலைத் தாண்டி, எதிரே வெட்டவெளியில் போய் நின்றுகொண்டார். உச்சிவெயில் மண்டையைப் பிளந்தது. மாடியில் யாரோ கட்டிலை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது.

ரெஜினா வாசலில் நின்று அவரையே பார்த்தாள். பிறகு உள்ளே போய், தூங்கிக்கொண்டிருந்த குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து அவர் பக்கத்தில் நின்றாள்.

“சார்,” என்றாள் மெல்ல. “அடுப்புல சோறு கொதிக்குது. உள்ள போயி அணைச்சிட்டு வரலாமா?”

தில்லைநாயகம் டம்ளரைத் தரையில் வைத்தார்.

“நீங்க இருங்கம்மா. நான் போறேன்.”