முப்பத்தொன்பது பதினேழு

"மத்த எல்லாருக்கும் பேர் சொன்னீங்க. அவருக்கு மட்டும் நம்பரா?"

மேடைக்குப் பின்னால், திரை மறைவில், குடியிருப்போர் சங்கச் செயலாளர் ஏட்டை மடக்கிப் பிடித்தார்.

ஏட்டு தண்ணீர் பாட்டிலின் மூடியோடு போராடிக்கொண்டிருந்தார். நேற்றிலிருந்து பந்தோபஸ்து. சட்டைக் காலரில் வியர்வை காய்ந்து உப்புப் பூத்திருந்தது.

"கொஞ்சம் மெதுவாப் பேசுங்க சார்."

"ஏன் மெதுவாப் பேசணும்? பணியில உயிர்விட்ட போலீஸ்காரங்களுக்கு அஞ்சலின்னு வருஷா வருஷம் நாயா அலைஞ்சு இந்தக் கூட்டத்தைப் போடறோம். பாதி நாற்காலி காலி. வந்த பெரிய ஆபீசரும் மலர்வளையத்தை வெச்சுட்டு, வாட்சைப் பார்த்துட்டுக் கிளம்பிட்டார். மிச்சம் இருக்கறது பேர் வாசிக்கறது ஒண்ணுதான். அதையும் ஒழுங்காச் செய்யக் கூடாதா? அவர் உங்க ஸ்டேஷன் ஆள்தானே?"

"ஆமா சார். ஜீப்புல என் பக்கத்து சீட்டு."

"அப்புறம் 'காவலர் முப்பத்தொன்பது பதினேழு'ன்னு வாசிச்சா என்ன அர்த்தம்?"

"வாய்ப் பழக்கம் சார். ஸ்டேஷன்ல அவனை அப்படித்தான் கூப்பிடுவோம்."

"உசுரோட இருந்தப்பவும் நம்பர், செத்தப்புறமும் நம்பரா? நாயைக்கூட பேர் வெச்சுக் கூப்பிடறோம் ஐயா."

ஏட்டு மூடியைத் திறந்து தண்ணீரைக் குடித்தார். அந்த நிதானம் செயலாளரை இன்னும் கிளப்பிவிட்டது.

"அவரோட மனைவி முன்வரிசையில இருக்காங்க. பக்கத்துல பெத்த அம்மா. அந்த அம்மா தலையைச் சாய்ச்சு ஒவ்வொரு பேரா கேட்டுக்கிட்டு இருந்தாங்களே, பார்த்தீங்களா?"

"பார்த்தேன் சார்."

"பார்த்துமா? சரி, நன்றியுரையில நானே அவர் பேரைச் சொல்லித் திருத்திடறேன்."

"வேணாம் சார். கூட்டம் முடியட்டும், நானே சொல்றேன்."

"முடிஞ்சப்புறம் யார்கிட்ட சொல்லுவீங்க? நாற்காலிகிட்டயா?"

செயலாளர் மேடையேறி மைக்கைப் பிடித்தார்.

"அன்பார்ந்தவர்களே, சற்று முன் ஒரு தவறு நடந்துவிட்டது. அந்தக் காவலரின் பெயர்..."

மைக் செத்துப்போனது.

திரும்பிப் பார்த்தார். சுவரோரம், ஸ்விட்சின்மேல் கை வைத்தபடி ஏட்டு நின்றுகொண்டிருந்தார்.

"திமிரைப் பார்த்தியா?" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

"செத்தவன்கிட்டயுமா போட்டி?" என்றது இன்னொன்று.

செயலாளர் இறங்கி நேராக முன்வரிசைக்குப் போனார். மன்னிப்பாவது கேட்டுவிட வேண்டும்.

"அம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. உங்க..."

அந்த மனைவி சட்டென்று எழுந்தாள். உதட்டில் விரலை வைத்து, அவரைத் தூண் பக்கம் வரச் சொன்னாள்.

"நான்தான் சார் ஏட்டு அண்ணன்கிட்ட கேட்டுக்கிட்டேன். இப்பதான், உள்ளே வர்றப்ப."

"நம்பரைச் சொல்லச் சொல்லியா?"

"அத்தைக்கு எதுவும் ஞாபகத்துல தங்கறதில்ல. இவர் போயிட்டார்னு சொல்ற ஒவ்வொரு தடவையும், இப்பதான் போன மாதிரி விழுந்து புரண்டு அழறாங்க. மறுநாள் மறந்துட்டு, அவனுக்குச் சாப்பாடு எடுத்து வெச்சியாடின்னு கேக்கறாங்க. பெத்தவங்களை எத்தனை தடவைதான் சார் கொல்றது? சொல்றதையே நிறுத்திட்டேன். டூட்டியில இருக்கார்னு சொல்லிடறேன்."

"அப்ப இங்கே எதுக்கும்மா கூட்டிட்டு வந்தீங்க?"

"வழக்கமா பார்த்துக்கற பக்கத்து வீட்டு அக்கா இன்னைக்கு ஊர்ல இல்ல. அவங்களைத் தனியா விட முடியாது. நானும் வராம இருந்துட்டா, அவருக்குன்னு எந்திரிச்சு நிக்க யாரு சார் இருக்கா?"

முன்வரிசையில் இருந்த அத்தையை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். அழவில்லை. அழுது முடித்த முகம்.

"அவங்களுக்குக் கண்ணு மங்கிடுச்சு, போட்டோவால பயமில்ல. காது மட்டும் ரொம்பக் கூர்மை. வீட்டுல யாரும் அவரை நம்பர் சொல்லிக் கூப்பிட்டதில்ல. அதனாலதான், பேரைச் சொல்லாதீங்கண்ணே, ஆனா விட்டுடாதீங்கன்னு கேட்டேன்."

செயலாளர் மேடைப் பக்கம் பார்த்தார். ஏட்டு இன்னும் ஸ்விட்சை விட்டு நகரவில்லை. காவல் நிற்கிற மாதிரி நின்றார்.

அவள் அத்தையின் பக்கத்துக்குத் திரும்ப, செயலாளர் மறுபடி மேடையேறினார். ஏட்டைப் பார்த்து மெல்லத் தலையசைத்தார். மைக்குக்கு உயிர் வந்தது.

"தவறு என்னுடையதுதான்," என்றார். "எல்லாரும் இன்னொரு முறை எழுந்து நிற்போம். காவலர் முப்பத்தொன்பது பதினேழுக்காக."

நாற்காலிகள் நகர்ந்தன. மருமகளின் தோளைப் பிடித்துக்கொண்டு அந்த அம்மாவும் எழுந்து நின்றாள்.

"பாவம்," என்றாள் மருமகளிடம், "யார் பெத்த பிள்ளையோ."