பெட்டியில் எழுதிய எண்

சாவு வீடுகளுக்கு ஃப்ரீசர் பெட்டி வாடகைக்கு விடும் சேவியர், பன்னிரண்டாயிரம் கூடக் கொடுத்து, ஏழு ஏழாக வரும் பேன்சி நம்பர் ஒன்று வாங்கிப் பெட்டியின் பக்கவாட்டில் பெரிதாக எழுதிவைத்தான். மூன்று மாதமாகியும் அதில் ஒருவரும் கூப்பிடவில்லை. யார் மனதிலும் நிற்காது என்று அவன் நினைத்த பழைய நம்பருக்குத்தான் எல்லோரும் அடித்தார்கள். இன்றும் ஒரு பெண் அதில்தான் பெட்டி கேட்டாள். அந்த வாரத்தில் அது ஐந்தாவது சாவு.

“இந்த நம்பர் எப்படிக்கா ஞாபகம் இருக்கு?” என்று அலுப்போடு கேட்டான்.

“போன வருசம் எங்க வீட்டுக்காரரு ஒங்க பெட்டியிலதான தம்பி கெடந்தாரு. அவரு மொகத்தப் பாக்க முடியாம, பகல் முழுக்க அப்ப அதுல எழுதியிருந்த நம்பரையேதான் பாத்துக்கிட்டு இருந்தேன்.”

“இப்ப யாருக்குக்கா?”

“மகனுக்கு.”

அவள் வீட்டில் பெட்டியை இறக்கியவன், ஏழுகள் எழுதிய பக்கத்தைச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தான்.