மாடிப்படிப் பூட்டு

பிள்ளைகள் எல்லாம் டவுன் பள்ளிக்கூட வேனில் ஏறிப் போய்விட்டதால், ஏரிக்கரை ஊரின் அரசுப் பள்ளியை மூடிவிட்டார்கள். மாடிப்படியின் கம்பிக் கதவில் புதுப் பூட்டு ஒன்று வந்து தொங்கியது. சாவி டவுன் ஆபீசுக்குப் போய்விட்டது.

"இனிமே ஒரு ஈ காக்காகூட மேல ஏற முடியாது" என்று பூட்டு ஜம்பம் அடித்தது.

பக்கத்தில் தொங்கிய பள்ளிக்கூட மணி சொன்னது: "மழைக்காலம் வருதே தம்பி. ஏரி உடைஞ்சா சனம் இந்த மாடிக்குத்தான் ஓடிவரும். ஊர்ல வேற மாடி ஏது?"

"பிள்ளைய அனுப்பாதவங்களுக்கு மாடி மட்டும் எதுக்காம்?" என்று பூட்டு சிரித்தது.

ஐப்பசியில் ஒரு சாயங்காலம் ஏரி உடைந்தது. ஊரே ஓடி வந்தது. முன்னால் வந்த வேதவல்லியின் இடுப்பில் அவள் மகன், கழுத்தில் வேன் பள்ளிக்கூடத்து டையோடு.

"ஐயோ, பூட்டிக் கிடக்கே!" என்று அலறினாள். அவள் புருஷன் ஒரு குழவிக்கல்லைத் தூக்கிப் பூட்டின்மேல் போட்டான். மறுபடியும் போட்டான்.

பூட்டு அப்போதுதான் மணியைக் கூப்பிட்டது. "அண்ணே, சாவி இங்க இல்லியே! நான் எப்படித் திறப்பேன்?"

யாரோ மணியை விடாமல் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

தண்ணீர் பையனின் காலைத் தொட்டது. உடைஞ்சிடு, உடைஞ்சிடு என்று பூட்டு தன்னைத்தானே கெஞ்சியது.

ஆனால் அது நல்ல பூட்டு.